குளோரின் மட்டும் போதுமா?

2025 ஜனவரியில் புணே நகரைக் கலக்கிய கில்லன்-பாரே நோயைச் சிம்மகட் சாலைவாசிகள் எளிதில் மறந்துவிட முடியாது. பலருக்கு முதலில் வயிற்றுப்போக்கு. பிறகு கால்கள் தளர்ந்து எழுந்து நிற்க இயலாத நிலை. சிலருக்கு மூச்சுவிடவும் இயந்திரத்தின் துணை. நாந்தேட் கிராமம், கிர்கட்வாடி, தாயரி முதலிய பகுதிகளில் மிகுதியாகத் தோன்றிய இந்நோய் இருநூறு பேருக்கு மேல் தாக்கியது, உயிர்களும் பலியாயின. நோயாளிகள் சிலரின் மலத்தில் காம்பிலோபாக்டர் ஜெஜூனி என்னும் பாக்டீரியா காணப்பட்டது. அதை எதிர்க்கப் புறப்படும் உடலின் காவற்படை, அடையாளம் தவறிச் சொந்த நரம்புகளையே தாக்கிவிடுகிறது. சந்தேகம் குடிநீர் மீது விழுந்தது. தண்ணீரில் குளோரின் கலக்கும் பணி முடுக்கிவிடப்பட்டது.

அது அவசியமான காரியமே. எனினும், நீரில் மிதக்கும் கிருமியைக் கொல்வது எளிது; சுவரில் ஒட்டிக் குடியேறிய கிருமியைக் கொல்வது எளிதன்று.

தொட்டியின் உட்புறத்தைத் தடவினால் வழுவழுவென்று கையில் படுவது வெறும் அழுக்கல்ல, கிருமிகளின் குடியிருப்பு. ஒட்ட இடம் கிடைத்ததும் அவை நீந்துவதை நிறுத்திப் பசை போன்ற பொருளைச் சுரந்து கூரை வேய்ந்துகொள்கின்றன. குளோரின் மேற்புறத்திலேயே செலவாகி, உள்ளே போய்ச் சேருவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவையே தாங்கமாட்டாத காம்பிலோபாக்டர்கூட, மற்றக் கிருமிகள் கட்டிய இப்படலத்தில் ஒண்டுக்குடித்தனம் செய்து பிழைக்க வல்லது.

ஒட்டுவதும் பிரிவதும் தற்செயலாக நடப்பவை அல்ல. காலரா கிருமி ஒருவித இரசாயனத்தை வெளியிட்டுத் தன் இனத்தின் எண்ணிக்கையை அறிகிறது. கூட்டம் குறைவாக இருக்கும்போது படலம் கட்டுகிறது. பெருகியதும் படலத்தைக் கலைத்து வெளியேறுகிறது. அப்படி வெளியேறும் கிருமிகள் மறுபடியும் தண்ணீரில் கலக்கின்றன. ஆகவே ஒரு நாள் பரிசோதனையில் 'தண்ணீர் சுத்தம்' என்று வந்தால் மட்டும் நிம்மதி கொள்வதற்கில்லை.

மாநகராட்சி செய்ய வேண்டியது இரண்டு. தெருக்கோடியிலுள்ள கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். புதிதாக நகரத்துடன் சேர்க்கப்பட்ட கிராமங்களில் அதை அன்றாடம் அளந்து, கணக்கை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கசியும் குழாய்களைத் தாமதமின்றி மாற்ற வேண்டும்.

குடியிருப்போருக்கும் பொறுப்பு உண்டு. மொட்டைமாடித் தொட்டியில் மருந்தைக் கொட்டிவிட்டு மூடுவதால் பயனில்லை. நீரை வடித்து, சுவரைத் தேய்த்து, பிறகே மருந்திட வேண்டும். புளியிட்டுப் பித்தளைக் குடத்தை அன்றாடம் தேய்த்த பாட்டிமார்களுக்குப் பாக்டீரியாவின் பெயர் தெரியாது. ஆனால் வழுக்கலைக் குடத்தில் தங்கவிடக் கூடாது என்பது தெரிந்திருந்தது. குடம் போய் பிளாஸ்டிக் தொட்டி வந்தது. தேய்க்கும் வழக்கமும் கூடவே போய்விட்டது. அது திரும்ப வேண்டும்.