எட்டாம் வகுப்போடு நிற்கும் கணக்கு



நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி 2019-21இல் தமிழகத்தில் ஏழைகள் 2.2 சதவீதம்தான். மகிழ்ச்சியே. ஆனால் அந்த அளவுகோலில் வீட்டில் ஒருவர் ஆறாண்டு படித்திருந்தால் குடும்பமே படிப்பாண்டுக் குறை இல்லாதது. பள்ளி வருகையும் எட்டாம் வகுப்பு முடிக்கும் வயது வரைதான் பார்க்கப்படும். ஒன்பதாம் வகுப்பில் புத்தகப்பையை இறக்கிவைத்துவிட்டுச் செங்கல் சூளைக்குப் போகும் பிள்ளை கணக்கிலேயே வராது. 2011 கணக்கெடுப்பில் 68.54 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் கடைசியாக நின்ற தருமபுரி மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமல்ல. மாவட்டச் சராசரியும் பாப்பிரெட்டிப்பட்டி கடைவீதிப் பிள்ளையையும் சித்தேரி மலைப் பிள்ளையையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஊர்வாரிக் கணக்கு வேண்டும் என்றால், புள்ளிவிவரம் பசியாற்றுமா, ஆசிரியர்களுக்கு இன்னொரு சுமைதானே என்பார்கள். புதிதாக எதையும் எடுக்க வேண்டாம். பள்ளிக்கல்வித் துறையின் ‘எமிஸ்’ தளத்து வருகைப்பதிவும் அங்கன்வாடி எடைப்பதிவும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை ஊர்வாரியாகச் சேர்த்து, பிள்ளைகளின் பெயரில்லாமல், கிராமசபையில் வாசித்தால் போதும். விடுதியும் பேருந்தும் முதலில் எந்த ஊருக்கு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

– ஒரு வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி