கடலடிச் சவாரியும் கரையோர மனிதரும்

"கடலைக் கண்டு களிப்பதும் குற்றமா?" என்று நம்மைக் கேட்கிறார்கள். குற்றமில்லை. யார் காண்கிறார்கள், எப்படிக் காண்கிறார்கள், அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளை எழுப்பாமல் களிக்கச் சொல்வதுதான் குற்றம்.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்த நாள் முதலாக வடபகுதியின் வறுமைக்கெல்லாம் ஒரே மருந்தாக உல்லாசப் பிரயாணம் ஓதப்பட்டு வருகிறது. அம்மருந்தின் மிகப் புதிய வடிவம் ஒரு சிறு இயந்திரம். முகத்துக்குக் கண்ணாடியும் வாய்க்கு மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்ட பிரயாணி, மின்கலத்தால் சுழலும் விசிறியுடைய அந்தப் பொறியை இரு கைகளாலும் பற்றிக்கொள்கிறான். வழிகாட்டி முன்னே செல்ல, பொறி அவனை இழுத்துக்கொண்டு பவளப் பாறைகளின் மேலாக ஓடுகிறது. கைகால் அசைக்க வேண்டியதில்லை. நீரடி ஸ்கூட்டர் என்று இதற்குப் பெயர். மாலைதீவில் உண்டே, அங்கே உண்டே, இங்கே உண்டே, தீவகத்துக்கு மட்டும் ஏன் ஆகாது, புளியங்கூடல் இளைஞனுக்கு இது ஒரு தொழிலாகாதா என்று வினவுகிறார்கள். வினவுகிறவர்களில் பலர் நல்லெண்ணம் உடையவர்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் உறவினர்களும் அவர்களில் உண்டு. ஆகவே நிதானமாகவே விடை கூறுவோம்.

முதலில் பொறியின் பூர்வீகத்தைப் பார்ப்போம். மனிதனை நீருக்கடியில் சுமந்து செல்லும் இயந்திரம் உல்லாசத்துக்காகப் பிறந்ததன்று. 1941 டிசம்பரில் அலெக்ஸாந்திரியாத் துறைமுகத்தில், மூன்று சிறு நீரடி ஊர்திகளில் ஏறிவந்த ஆறு இத்தாலியச் சுழியோடிகள் பிரித்தானியரின் இரு பெரும் போர்க்கப்பல்களை முடமாக்கினார்கள். போர் முடிந்ததும் அதே எண்ணம் விளையாட்டுப் பொருளாயிற்று. 1965இல் வெளிவந்த 'தண்டர்போல்' திரைப்படம் அதை உலகெங்கும் கண்காட்சியாக்கிற்று. மின்கலம் சிறுத்து மலிந்த இக்காலத்தில் அது விடுதிகளின் வாடகைச் சாமானாகிவிட்டது. போர்க்கருவி பொம்மையாவதில் தவறில்லை. வாளை அடித்துக் கொழு செய்வதை நாம் எப்போதும் வரவேற்போம். ஆனால் இது கொழு அன்று. இதனால் உழப்படும் வயலும் அறுவடை தருவதன்று.

இதன் ஆதரவாளர் கூறும் வலுவான வாதம் ஒன்றுண்டு. பொறி மின்சாரத்தில் இயங்குகிறது, புகையில்லை, எண்ணெய்க் கசிவில்லை. அத்துடன், துடுப்புச் செருப்பணிந்து நீந்துகிறவன் காலை உதைத்துப் பவளக் கிளையை முறிக்கிறான், பொறியைப் பிடித்தவனோ காலை அசைப்பதில்லை, ஆகவே பவளத்துக்கு இதுவே பாதுகாப்பு என்கிறார்கள். ஆழமான, தெளிந்த கடலில் இவ்வாதம் ஓரளவு நிற்கும். தீவகக் கடல் அத்தகையதா? பாக்குக்குடாவின் பெரும்பகுதியில் ஆழம் பதினைந்து மீற்றரைத் தாண்டாது. தீவுகளுக்கிடையே வேலணையும் புங்குடுதீவும் தாம்போதியால் இணைக்கப்படும் அளவுக்குக் கடல் ஆழங்குறைந்தது. அடியில் சேறும் நுண்மணலும் படிந்து கிடக்கின்றன. அவற்றின் மேல் சாதாழைப் படுகைகள். ஆங்காங்கே முருகைக்கல் திட்டுகள். மார்பளவு நீரில் சுழலும் விசிறி அந்தச் சேற்றைக் கிளப்பாமல் என்ன செய்யும்?

முருகைக்கல் கல்லன்று. கல்லைத் தன் உடலைச் சுற்றித் தானே கட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு உயிர்களின் குடியிருப்பு அது. அவ்வுயிரின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி வாழ்கிறது. பாசி வெயிலை உண்டு சமைப்பதில் ஒரு பங்கைத் தன்னைத் தாங்கும் உயிருக்கு ஊட்டுகிறது. நீர் கலங்கினால் வெயில் குறைகிறது, சமையல் குறைகிறது. மேலே படியும் சேற்றைக் கழுவித் தள்ளப் பவள உயிர் வழுவழுப்பான நீரைச் சுரந்தாக வேண்டும். வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் செலவிட வேண்டிய சக்தி வீட்டைப் பெருக்குவதிலேயே கழிந்துபோகிறது. ஒரு நாள் கலங்கல் அதைக் கொல்லாது. பருவம் முழுவதும், நாளுக்குப் பத்து முறை, ஒரே பாதையில் ஓடும் சவாரி என்ன செய்யும் என்பதை ஊகிக்க விஞ்ஞானப் பட்டம் வேண்டியதில்லை.

வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாதாரண மனிதன் நீந்திச் செல்வதைப் போல் இருமடங்குக்கும் அதிகமாக, மணிக்கு நான்கைந்து கிலோமீற்றர் இப்பொறி ஓடும். நீந்துகிறவன் களைத்து நின்றுவிடுவான். அவன் களைப்பே கடலாமைக்குக் கிடைத்த காவல். பொறியைப் பிடித்தவனுக்குக் களைப்பில்லை. ஆமை விலகினால் பின்தொடர்கிறான். ஓராமீன் கூட்டம் கலைந்தால் வளைத்துப் பிடிக்க நினைக்கிறான். ஏனெனில் காணொளி எடுக்க வேண்டும். பாசியை மேய்ந்து பவளத்தை மூடாமல் காப்பது அந்த ஓராமீன் கூட்டந்தான். நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ கடற்புல் மேய வேண்டிய ஆவுளியா இக்குடாவில் அருகிப் போன விலங்கு. அது மேய்ச்சலை விட்டு ஓடும் ஒவ்வொரு வேளையும் அதற்குப் பட்டினி வேளை.

நல்ல வழிகாட்டி இருந்தால் இவையெல்லாம் நேராது என்பார்கள். கண்டிப்பான வழிகாட்டியின் சொல் பிரயாணியின் கையைக் கட்டும் என்பது உண்மையே. ஆனால் வழிகாட்டிக்குக் கூலி கொடுப்பவன் யார்? ஆமையைக் காட்டினால் அன்பளிப்பு, காட்டாவிட்டால் முணுமுணுப்பு என்னும் சந்தையில், கண்டிப்புக்கு எவ்வளவு நாள் ஆயுள்?

சான்று வேண்டுமென்றால் நம் நாட்டிலேயே உண்டு. ஹிக்கடுவைப் பவளத்திடல் 1979இல் சரணாலயமாக்கப்பட்டது. 2002இல் தேசியப் பூங்கா என்ற உயர்ந்த பெயரும் பெற்றது. சட்டம் ஒருபுறம் உயர உயர, மறுபுறம் கண்ணாடி அடித்தளப் படகுகள் வற்றுநீரில் பவளத்தின் மேல் உரசிக்கொண்டே ஓடின. திருகோணமலையில், நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவின் கதை இன்னும் பாடமானது. 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவான அத்தீவைப் போர்க்காலத்தில் அச்சமே காத்தது. அமைதி வந்தது, படகு படகாக மனிதர் வந்து இறங்கினார்கள், ஆழமற்ற இடங்களில் உயிருள்ள பவளத்தின் மேலேயே ஏறி நின்றார்கள். துப்பாக்கி காத்ததை நுழைவுச்சீட்டு காக்கவில்லை. இந்த வாக்கியத்தை எழுதுவது நமக்கு மகிழ்ச்சி தரவில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றை ஏற்க வேண்டும். நம் கடலுக்கு ஸ்கூட்டர் முதற் பகைவனன்று. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெருந்திடலிலும் பவளம் வெளிறிப் பெருமளவு மடிந்தது. அந்தச் சூட்டை மூட்டியவை உலகின் ஆலைகள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிப் போயின. இழுவைமடியோ கடலின் அடித்தளத்தையே வாரிச் செல்கிறது. இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடுத்தும் இரவில் தமிழகத்து இழுவைப் படகுகள் வருவது நிற்கவில்லை. அப்படகுகளில் கூலிக்கு வலை இழுக்கும் ஏழைத் தொழிலாளி நமக்குப் பகைவனல்லன். படகை வைத்திருக்கும் முதலாளியின் கணக்குத்தான் அவனை எல்லை தாண்டச் செய்கிறது. இத்தனை பெரிய பகைவர் இருக்க இச்சிறு பொறியை ஏன் சாடுகிறீர்கள் என்பார்கள். குற்றுயிராய்க் கிடப்பவனிடம் கொஞ்சமாகத்தான் இரத்தம் எடுக்கிறோம் என்று ஒருவன் சொன்னால் அதை வாதமென்று ஏற்போமா?

இந்தக் கடலுக்குப் பழைய கதையொன்று உண்டு. மன்னார்க் கடலின் முத்துச்சிப்பி நூற்றாண்டுகளாக ஆட்சிகளின் பொக்கிஷம். வாயில் காற்றை அடக்கிக் கல்லைக் காலில் கட்டி இறங்கியவன் நம் ஏழை. முத்தை அணிந்தவள் எங்கோ ஓர் அரண்மனைச் சீமாட்டி. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பு என்றுமில்லாத வருவாயைக் கொட்டிற்று. பார்த்தது ஆங்கில அரசு. மறு ஆண்டே, 1906இல், அந்தச் சிப்பிப் பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு தனியார் கம்பனியிடம் போயின. விஞ்ஞான முறையில் சிப்பி வளர்க்கப் போவதாகச் சொன்னார்கள். நிபுணர்கள் இருந்தார்கள், நீராவிக் கப்பல் இருந்தது, பங்குதாரர்கள் இருந்தார்கள். 1907க்குப் பின்பு சிப்பி மட்டும் இருக்கவில்லை. கம்பனி கலைந்தது. அதன் பின்பு 1925 வரையில் அங்கே முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. கம்பனி மூடிக்கொண்டு வேறு தொழிலுக்குப் போகலாம். சுழியோடி எங்கே போவான்?

ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று; நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று; காரைநகர் அம்ஸ்ரடாம் ஆயிற்று. இன்று விளம்பரத் தாள்களில் அதே ஊர்கள் 'சொர்க்கம்' என்றும் 'கன்னிக் கடல்' என்றும் பெயர் பெறுகின்றன. கன்னிக் கடலாம்! களங்கண்டி நட்டும் நண்டு வலை விரித்தும் சங்கு குளித்தும் தலைமுறை தலைமுறையாக மனிதர் வியர்வை சிந்திய கடல் இது. சாதாழையை வாரி வந்து தோட்டத்துக்குப் பசளையாக்கிய கமக்காரனுக்கும் உரிய கடல் இது. மனிதர் இல்லாத இடம் என்று முதலில் எழுதிவிட்டால், பிறகு மனிதரை அகற்றுவது எளிது போலும்.

நம் சொந்த வீட்டுக் குப்பையையும் கிளற வேண்டியிருக்கிறது. கடலில் இறங்குகிறவனைத் தாழ்ந்தவன் என்று ஒதுக்கி, அவன் பிடித்த மீனை மட்டும் உயர்ந்ததென்று உண்ட சமுதாயம் நம்முடையது. கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் பள்ளிக்கூட வாங்கிலும் அவன் எங்கே நிற்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும் என்று கோடு கிழித்தோம். அதே கடலில் பணம் கொடுத்து இறங்குவது இன்று நாகரிகமாகியிருக்கிறது! சங்கு குளிப்பவன் மூழ்கினால் இழிதொழில். மின்கலப் பொறியைப் பிடித்துக்கொண்டு மூழ்கினால் உயர்ரசனை. மூழ்குவது ஒன்றே, சட்டைப்பையின் கனந்தான் வேறு. அந்தச் சங்கு குளிப்பவனின் மகன்தான் நாளை வழிகாட்டியென்ற பெயரில் பிரயாணியின் பொறியைச் சுமந்து நிற்கப் போகிறான். அதைத் தொழில் வாய்ப்பு என்று நாம் கைதட்டப் போகிறோமா?

கரை ஏற்கெனவே சுருங்கிவிட்டது. 1990ஆம் ஆண்டில் ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது சில இடங்களில் முள்வேலி நின்றது. ஊர்காவற்றுறைக்கு எதிரே, ஒல்லாந்தர் காலத்துக் கடற்கோட்டையைக் கடற்படை உல்லாச விடுதியாக நடத்துகிறது. ஒரு காலத்தில் சிறையாயிருந்த கட்டடம் அது. அண்மை ஆண்டுகளில் கடலட்டைப் பண்ணைகள் கரையோர நீரை வேலியிட்டுப் பிரித்துக்கொண்டன. வள்ளப் பாதை மறிக்கப்படுகிறது, மீன் குஞ்சு வளரும் இடம் போய்விட்டது என்று சிறுமீனவர் குரலெழுப்பியும் வேலிகள் பெருகின. இனிமேல் பவளத் திட்டுகளைச் சுற்றியும் மிதவைகள் கட்டி, 'பிரயாணிகள் பகுதி, வலை வீசாதீர்' என்று எழுதினால் எஞ்சுவது என்ன?

நன்னீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீவகத்தில் கிணற்றுநீர் பெரும்பாலும் உவர். சாட்டி மணலின் நன்னீரை நம்பியிருக்கும் குடும்பங்கள் எத்தனை! கடலிலிருந்து ஏறியவன் உப்பைக் கழுவக் குளித்தாக வேண்டும். முகமூடியைக் கழுவ வேண்டும். பொறியையும் நன்னீரில் அலசி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பு அதை அரித்துவிடும். கவனியுங்கள்: பொறிக்கு நன்னீர், குடிப்பவனுக்கு பவுசர் வண்டி.

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காகக் காத்து நிற்கும் நெடுந்தீவு ஆசிரியையையும் கர்ப்பிணியையும் யாரும் கண்காட்சியாகக் கருதுவதில்லை. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்கள் சென்றதும் இதே கடல்வழியிலேதான். இந்தக் கடலில் இயந்திர வேகம் யாருக்கு முதலில் தேவை என்று கேட்டால், பவளம் பார்க்க வருகிறவனுக்கு என்று சொல்லும் துணிவு எவருக்கு வரும்?

அப்படியானால் யாரும் கடலடியைப் பார்க்கவே கூடாதா? பார்க்க வேண்டும் என்றே சொல்கிறோம். இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில், பாக்குக்குடாவின் கண்டற்காட்டுக்குள் துடுப்புப் படகில் செல்லும் சுற்றுலாவை வனத்துறையோடு சேர்ந்து ஊர் மக்களே நடத்துகிறார்கள். அரசுத் திணைக்களத்தின் நிழலில் நடப்பதால் அதிலும் குறைகள் இருக்கலாம். ஆயினும் காட்டைக் காட்டுகிறவன் அந்தக் காட்டை நம்பி வாழ்பவன் என்ற நியாயம் அங்கே இருக்கிறது. தீவகத்திலும் எந்தத் திட்டைக் காட்டலாம், எந்த மாதத்தில் மூடலாம், நாளொன்றுக்கு எத்தனை பேர் என்பதைக் கடற்றொழிலாளர் சங்கங்கள் தீர்மானிக்கட்டும். விசிறியுள்ள எந்தப் பொறியும் முருகைக்கல்லின் மேலும் சாதாழையின் மேலும் ஓடக்கூடாதென்று அவர்கள் விதித்தால் அதற்குச் சட்டத்தின் வலு கிடைக்கட்டும். வருவாய் சங்கத்தின் கணக்கில் சேரட்டும். திட்டம் எழுதி முடித்த பிறகு கையொப்பத்துக்கு அழைக்கும் கூட்டங்களை அவர்கள் இதுவரை போதிய அளவு பார்த்துவிட்டார்கள்.

இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் பவளப்பாறையென்றால் அவுஸ்திரேலியாவின் படத்தைக் காட்டுகிறார்கள். தம் ஊரின் முருகைக்கல்லை மதிலில்தான் கண்டிருக்கிறார்கள். நான்கு பலகையைக் குழாய்போல் அடித்து, ஒரு முனையில் கண்ணாடியைப் பதித்துத் தாரால் அடைத்தால், வள்ளத்திலிருந்து குனிந்து கடலின் அடியைப் பார்க்கும் பெட்டி ஆயிற்று. அலை அடங்கிய ஒரு காலையில், சங்கத்திடம் சொல்லி இரண்டு வள்ளங்களைக் கேட்டு, பத்தாம் வகுப்பைக் கூட்டிச் செல்லுங்கள். எந்தத் திட்டு எங்கே இருக்கிறது என்பது வள்ளக்காரருக்குத் தெரியும். பெட்டியை ஊர்த் தச்சர் அரை நாளில் செய்து கொடுப்பார்.