கீறல் விழாத துப்பாக்கிகள்

வேட்டைக் கதை படிக்கிற நண்பர்களிடம் ஒரு கேள்வி அடிக்கடி சுற்றிவரும். அருமையான பழைய ரைஃபிள் ஒன்று கையில் இருந்தால் அதை முள்ளுக்காட்டுக்குள் கொண்டுபோவீர்களா, மாட்டீர்களா? வால்நட் கட்டையில் கீறல் விழுமே, மழையில் குழல் துருப்பிடிக்குமே என்று ஒரு கட்சி. துப்பாக்கி என்பதே காட்டுக்குத்தானே, அலமாரியில் வைக்கவா செய்தார்கள் என்று இன்னொரு கட்சி. நம்மில் ஒருத்தரிடமும் துப்பாக்கி கிடையாது. ஆனாலும் ராத்திரி இரண்டு மணி வரை உருகி உருகிப் பேசுவோம்.

அந்தப் பேச்சில் நானும் இருந்திருக்கிறேன். இப்போது அதைக் கேட்டால் கோபம் வருகிறது. ஏனென்றால், ஆசையாகப் பார்த்துக்கொண்ட ஒரு துப்பாக்கியைப் புதருக்குள் கொண்டுபோன மனிதரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றி யாரும் உருகவில்லை.

முதலில் நாம் உருகுகிற துப்பாக்கிகளைப் பார்த்துவிடுவோம். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907ல் ஜிம் கார்பெட் சுட்டார். அந்தப் புலி கொன்றதாகச் சொல்லப்படும் எண்ணிக்கை 436. அதற்குப் பரிசாக அவருக்குக் கிடைத்தது .275 ரிக்பி ரைஃபிள். அதே ரிக்பி கம்பெனி 2015ல் அதைத் திரும்ப வாங்கிப் பத்திரப்படுத்தியது. பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சனுக்கு ஒரு .405 வின்செஸ்டர். அவருடைய கதைகளில் பாதி நம்ம ஊர்க் கதை. பென்னாகரம், ஒகேனக்கல், சின்னாறு என்று பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய இடங்கள். அந்தத் துப்பாக்கிகளின் ரகம், தோட்டாவின் அளவு எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆண்டர்சனுக்குக் கால்தடம் பார்த்துச் சொன்ன பைரா என்கிற பூசாரி இனத்து மனிதர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறார்? ஆண்டர்சன் அவரைப் பற்றி அன்போடுதான் எழுதினார். மறந்தது நாம்.

நான் சொன்ன மனிதருக்கு வருகிறேன். மண்ணூரில் நான் பள்ளிக்கூடம் போன நாட்களில், தை பிறந்ததும் நரிக்குறவர் குடும்பங்கள் நாலைந்து வந்து ஏரிக்கரை ஓரமாகத் தங்கும். ஊசிமணி, பாசிமணி விற்பார்கள். அவர்களில் ஒரு பெரியவரிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. கட்டை இரண்டாகப் பிளந்து, செப்புக் கம்பியாலும் சைக்கிள் டியூப்பாலும் சுற்றிக் கட்டியிருந்தார். கீறல் விழாத இடம் அதில் இல்லை. ஆனால் குழலுக்குள் பார்த்தால் பளபளவென்று இருக்கும். தினமும் சாயங்காலம் துணி சுற்றிய கம்பியை விட்டுத் துடைப்பார். மருந்துப் பையை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வா சாமி, சும்மா பாரு, பேசாம வரணும்" என்று கூட்டிப்போனார். ரவைப் பையைச் சுமந்தது நான். சீமைக்கருவேலம், சூரை, காரை, களா எல்லாம் பின்னிக் கிடந்த காடு. எனக்கு முகமெல்லாம் முள் கிழித்தது. அவர் துப்பாக்கியை நெஞ்சோடு சேர்த்துக் குழந்தையைத் தூக்குவது போல் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். வாய்வழியாகக் கருமருந்து போட்டு, தேங்காய் நார் வைத்துக் கம்பியால் கெட்டித்து, ரவை போட்டு, மறுபடி நார் வைத்து, கடைசியில் கேப்பு. ஒரு வெடிக்கு இத்தனை வேலை. தவறினால் இன்னொரு முறை கெட்டிப்பதற்குள் கௌதாரி அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அதனால் அவர் சுடவே மாட்டார். பார்ப்பார், கேட்பார், மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். கௌதாரி எந்தப் பக்கம் எழும்பும், கீரி இந்த வழியாக எப்போது போனது என்று விரலை நீட்டிக் காட்டினார். மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு வெடி. ஒரு கௌதாரி. அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனியும் கண்ணாடிக் கம்பெனியும் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998ல் கார் வெளியே வர ஆரம்பித்திருந்தது. எங்கள் பக்கத்திலும் ஒரு கட்டுமான இடத்தில் வேலி போட்டார்கள். ஒரு நாள் அங்கே மோட்டார் ஒன்று காணாமல் போனது. கேள்வியே கிடையாது. துப்பாக்கி வைத்திருக்கிற ஆள் யார்? பெரியவரைக் கூட்டிப்போய் இரண்டு நாள் உட்காரவைத்தார்கள். மோட்டார் பிறகு வேறு எங்கோ கிடைத்தது. பெரியவர் திரும்பி வந்தார், துப்பாக்கி வரவில்லை. ஆளை அடையாளம் காட்டியது என் சொந்த மாமா. மோட்டார் போன ராத்திரி பெரியவர் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த தைக்கு அந்தக் குடும்பங்கள் வரவில்லை.

"சின்னப் பையன், நீ என்ன செய்திருக்க முடியும்?" என்று கேட்பீர்கள். சரி. பெரியவனான பிறகு என்ன செய்தேன்? கார்பெட் படித்தேன். ரிக்பியைப் பற்றிப் பேசினேன்.

துப்பாக்கியை நேசிக்கும் உரிமை இந்த நாட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. லிட்டன் காலத்தில் 1878ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. நம் வேட்டை இலக்கியத்தின் பொற்காலம் இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரே புதர், ஒரே கௌதாரி. ஒருத்தன் சுட்டால் ஷிகார், இன்னொருத்தன் சுட்டால் திருட்டு வேட்டை.

அது வெள்ளைக்காரன் காலம் என்று தள்ளிவிட முடியாது. குடகில் கொடவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸில் இருந்து விலக்கு இன்றைக்கும் உண்டு. மத்திய அரசு 2019ல் அதை 2029 வரை நீட்டித்தது. கைல்பொல்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அதை நாம் பண்பாடு என்கிறோம், படம் எடுத்துப் போடுகிறோம். கொடவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. செப்புக் கம்பி சுற்றிய துப்பாக்கியைத் தினமும் துடைத்த பெரியவருக்கு அதே சொல் ஏன் பொருந்தவில்லை என்றுதான் கேட்கிறேன். நிலம் வைத்திருப்பவனின் துப்பாக்கி பாரம்பரியம், நிலமில்லாதவனின் துப்பாக்கி சந்தேகம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்திலேயே பயிர்க் காவலுக்கு வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க இடம் இருக்கிறது. அதே ரகத் துப்பாக்கிதான். ஆனால் பயிர் இருக்க வேண்டும். பயிருக்கு நிலம் வேண்டும்.

"அப்போ எல்லோரும் துப்பாக்கியைத் தூக்கிட்டு முயல் சுடலாமா?" என்று ஒரு குரல் வரும். இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தது. லைசென்ஸ் வாங்கி வேட்டையாடும் வழியை 1991ல் வந்த திருத்தம் அடைத்தது. அது வேண்டிய சட்டம், இன்றைக்கும் வேண்டும். கண்ணியும் வலையும் துப்பாக்கியும் பறவைகளைக் குறைத்தன என்பதும் உண்மை. பெரியவரின் கையில் துப்பாக்கியைத் திருப்பிக் கொடு என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. மண்ணூரில் கௌதாரியை ஒழித்தது யார்? மூன்று மணி நேரத்துக்கு ஒரு வெடி வெடித்தவரா? அந்தக் காடு இருந்த இடத்தில் இன்றைக்கு காம்பவுண்டு சுவர், அதற்குள் தகர ஷெட், வெளியே கன்டெய்னர் லாரிகளின் வரிசை. வருவாய்க் கணக்கில் அது காடே இல்லை. தரிசு, மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதியிருக்கும். தரிசு என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று பொருள். ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றும் சாகாது, இல்லையா? துப்பாக்கிக்குச் சட்டம் இருந்தது, புல்டோசருக்கு அனுமதி இருந்தது.

இந்தத் தரிசுக்கு எவ்வளவு வயது தெரியுமா? ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ல் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று சாந்தி பப்பு குழுவினர் 2011ல் அறிவித்தார்கள். அதாவது, மனிதன் ஆசையாகச் செதுக்கிய ஒரு கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கத்துப் புதர்களுக்குள் 15 லட்சம் வருடமாக நுழைந்துகொண்டிருக்கிறான். அந்த வரிசையில் கடைசியாக நுழைந்தவர்களில் ஒருத்தரை நான் பார்த்தேன். அவரை மோட்டார் திருடன் என்றார்கள்.

இன்னொரு வேடிக்கை. காட்டுப்பன்றித் தொல்லை பெருகியதும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் முடிவெடுத்தது. விவசாயிகளின் கஷ்டம் நிஜம், முடிவைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், தேவை வந்ததும் துப்பாக்கி நல்லதாகிவிட்டது. பன்றியின் தடம் பார்க்கத் தெரிந்தவர்களை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் செங்கல்பட்டுப் பக்கமே சாட்சி இருக்கிறது. 1972 சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்று இருளர்களின் பிழைப்பு போனது. ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்களின் துணையோடு 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் இன்றும் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம் போகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு பேர் 2017ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய், அங்கே யாராலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாத மலைப்பாம்புகளில் 20க்கும் மேற்பட்டதைப் பிடிக்க உதவினார்கள். 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கொல்வதை நிறுத்தச் சொன்ன சட்டம் அவர்களின் அறிவையும் சேர்த்துப் புதைத்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். நரிக்குறவர்களுக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை. நாடாளுமன்றம் அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்ததே 2022 டிசம்பரில்தான்.

ஆகவே, கீறல் பற்றிப் பேசுகிற நண்பர்களே, ஒரு துப்பாக்கியில் நேசிக்கத்தக்கது கட்டையும் இல்லை, குழலும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஓசையில்லாமல் நடந்த காலும், மண்ணைத் தொட்டுப் பார்த்த விரலும்தான். ரிக்பியைக் கண்ணாடிப் பெட்டியில் பத்திரமாக வைக்கலாம். இதை வைக்க முடியாது, ஆள் வேண்டும். அந்த ஆளைத் துரத்திவிட்டு அவருடைய தொழிலின் அழகை ஆங்கிலப் புத்தகத்தில் தேடுவது கேவலமாக இருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன மாதம் மண்ணூருக்குப் போனபோது மாமாவிடம் அந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டேன். "அது எங்கடா இருக்கப் போவுது, அன்னிக்கே உடைச்சுப் போட்டிருப்பானுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தாளு நல்ல மனுஷன்தான்" என்றார்.

இருபத்தைந்து வருடம் கழித்துச் சொல்கிறார். நானும் இப்போதுதான் எழுதுகிறேன்.