யார் சுவர், யார் சித்திரம்?

கண்ணகி நகருக்குப் போய்ப் பாருங்கள். மாடி உயரத்துக்குச் சுவரெல்லாம் சித்திரம். 2020இல் சென்னையின் முதல் 'ஆர்ட் டிஸ்ட்ரிக்ட்' என்று சொல்லி, உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்களை அழைத்துவந்து வரையவைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். அந்தப் பகுதியின் கெட்ட பெயரைப் போக்கத்தான் இவ்வளவுமாம்.

கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? 2000 தொடங்கி கூவம், அடையாறு கரைகளிலிருந்த ஜனங்களைப் பிடுங்கி, தொழிலும் பள்ளிக்கூடமும் எட்டாத ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டியது யார்? 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். கணிசமானவை தலித் வீடுகள். 'கண்ணகி நகரா?' என்று விலாசத்தைக் கேட்டதுமே வேலை இல்லை என்கிறவன் எங்கிருந்து வந்தான்? கறை பூசிய கையே இப்போது வண்ணமும் பூசுகிறது. 2021இல் குடிசை மாற்று வாரியத்தின் பெயரையும் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். அடுத்த வருஷம் மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்துச் செத்தார். பெயர் மாறியது, சுவர் மாறியது. புல்டோசர் மாறவில்லை.

சித்திரம் நல்லாயில்லை என்று நான் சொல்லவில்லை. 'பாக்க நல்லாத்தான் இருக்கு. என்னா வரையணும்னு எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?' என்று அங்கே ஒரு கிழவி கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? அதுதான் என் கேள்வி.

நமக்கென்று தெருவில் கலையே இல்லை என்றா நினைத்தார்கள்? 1991இல் முடிந்த அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டியும் அதற்குப் பிறகும், கூலிக்காசில் வசூல் பண்ணி சேரிதோறும் சிலை வைத்தோமே, அது என்ன? நீலக் கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். சிமெண்டில் செய்ததுதான். சிலதில் முகச்சாயல்கூட சரியாக வந்திருக்காது. எந்தக் கலை விமர்சகனும் அதைப் பற்றி எழுதவில்லை. ஆனால் தூரத்தில் பார்த்தாலே இது யார் தெரு, இங்கே தலை குனியாதவன் இருக்கிறான் என்று தெரியும். அது தெரிவதால்தான் உடைக்கிறான். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில், ஊர் பார்க்க உடைத்தான். மறுநாளே அரசு புதுச்சிலை வைத்தது. சரி. ஆனால் தமிழ்நாடு முழுக்க எத்தனை அம்பேத்கர் சிலைகளுக்கு இரும்புக்கூண்டு! உடைக்கிறவன் வெளியே நடமாடுகிறான், அம்பேத்கர் கம்பிக்குள் நிற்கிறார்.

பெயிண்ட் கம்பெனி காசில் அவர்கள் வரைந்தால் கலை; நம் காசில் நாம் வைத்தால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. நம்மைப் பற்றி நாமே சொல்லாதவரைக்கும் நம் அடையாளம் அவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும்.

தோழர்களே, சுவரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சுவரைக் கேளுங்கள். எதை வரைவது என்பதைத் தெருக்கூட்டம் போட்டு அங்கே வாழ்கிறவர்கள் முடிவு செய்யட்டும். ஃபிளெக்ஸ் பேனர் வந்து பிழைப்பைப் பறிகொடுத்த சுவரெழுத்து ஓவியர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். கூலி அவர்களுக்குப் போகட்டும். முதல் சுவரில் பூவும் வேண்டாம், பட்டாம்பூச்சியும் வேண்டாம். இடித்துத் தள்ளப்பட்ட நம் குடியிருப்புகளின் பெயர்களை, இடித்த வருஷத்தோடு, வரிசையாக எழுதுங்கள்.

அதற்கு எந்தக் கம்பெனி பெயிண்ட் கொடுக்கிறது என்று பார்ப்போம்.