கொடுங்கையூருக்கு எரிஉலை வேண்டாம்



கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரிஉலையை நிறுவச் சென்னை மாநகராட்சி முன்வைத்துள்ள திட்டம், நகரின் கழிவையும் மணலி ஆலைகளின் புகையையும் எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலையும் பல பத்தாண்டுகளாகச் சுமந்துவரும் வடசென்னை மக்கள்மீது மேலும் ஒரு நோய்ச்சுமையை ஏற்றுவதாகும்.

இந்திய நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி ஈரமான மக்கும் கழிவாதலால் அது எளிதில் எரிவதில்லை. எரிவதில் கணிசமான பங்கு பெட்ரோலியத்திலிருந்து பிறந்த நெகிழி என்பதால், இம்மின்சாரத்தைப் பசுமை மின்சாரம் என்பது பொருந்தாது. குளோரின் கலந்த நெகிழி எரிகையில் உருவாகும் டையாக்சின் என்னும் நச்சுச் சேர்மங்கள் மண்ணில் படிந்து, மாடு மேயும் புல் வழியாகப் பாலிலும், கோழி கிளறும் மண் வழியாக முட்டையிலும், அவற்றை உண்பவரின் உடற்கொழுப்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்குகின்றன. டையாக்சின்களுள் மிகக் கொடிய வகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே வகைப்படுத்திவிட்டது. எரிஉலையின் புகை வடிகட்டியில் சிக்கும் நச்சும் அழிவதில்லை. சாம்பலோடு எங்கேனும் கொட்டப்பட்டே ஆக வேண்டும்.

எரிஉலை வேண்டாம் என்பதற்குக் கிடங்கை இன்றுள்ளபடியே விட்டுவிடலாம் என்று பொருளன்று. காற்றுப் புகாமல் அழுகும் மக்கும் குப்பையிலிருந்து எழும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பதோடு, கிடங்குத் தீயையும் வளர்க்கிறது. 2022 ஏப்ரலில் நகரின் மற்றொரு குப்பைக் கிடங்கான பெருங்குடி நாள்கணக்கில் எரிந்ததைச் சென்னை மறந்திருக்காது. மக்கும் குப்பை அந்தந்தத் தெருவிலேயே உரமானால், புவியைச் சூடாக்கும் வாயுவும் நுரையீரலைக் கெடுக்கும் புகையும் ஒருங்கே குறையும்.

கேரளத்தின் ஆலப்புழையில், நகரக் குப்பை கொட்டப்பட்டுவந்த சர்வோதயபுரத்தின் மக்கள் குப்பை லாரிகளை ஊருக்குள் விட மறுத்தபின், 2012 முதல் வீட்டு உரக்குழாய்களும் உயிரி எரிவாயுக் கலன்களும் தெருமுனை உரத்தொட்டிகளும் பரவின; 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கழிவு மேலாண்மையில் உலகுக்கு எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களுள் அதுவும் ஒன்று. ஆலப்புழை சிறிய நகரம் என்பது உண்மையே. ஆயினும் சென்னையும் 200 வார்டுகளால் ஆனதுதான்; வார்டு அளவில் இயலாதது எதுவும் ஆலப்புழையில் நடந்துவிடவில்லை.

எரிஉலையோ நாள்தோறும் குப்பையை வேண்டி நிற்பதாதலால், அது எழுந்தபின் குப்பையைத் தரம்பிரித்தலுக்கு ஊக்கம் கிடைக்காது. ஆகவே மாநகராட்சி இத்திட்டத்தைக் கைவிட்டு, அதற்குரிய நிதியை வார்டுதோறும் உரமாக்கும் மையங்களுக்கும் தூய்மைப் பணியாளர்களின் ஊதியத்துக்கும் பாதுகாப்புக்கும் செலவிட வேண்டும்; கிடங்கைச் சுற்றி வாழ்வோரின் உடல்நிலையை ஆய்ந்து, முடிவுகளைத் தமிழில் வெளியிடவும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை.