பழைய ஸ்டீரியோவைக் கழற்றாதீர்கள்

இத்தாலியின் பலெர்மோ நகரில், பல்லரோ சந்தைப் பக்கம் வாழும் ஈழத்தமிழர் ஒருவர் பழைய ஃபியட் காரை வாங்கினால், போனில் இருக்கும் பாட்டை அதில் எப்படிக் கேட்பது? சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்தான் மலிவு. ஆனால் அந்த ஊருக்கு அது வேண்டாம் என்பேன். ஐரோப்பாவில் அதற்கு அனுமதித்த திறன் 50 நானோவாட் மட்டுமே. இத்தாலியிலோ 1976இல் அரசியல் சாசன நீதிமன்றம் உள்ளூர்த் தனியார் வானொலிகளுக்கு வழிவிட்டதிலிருந்து எஃப்.எம்.மில் காலி இடம் கிடைப்பது அரிது. அத்தனை நிலையங்கள் நெருக்கும் இடத்தில் உங்கள் சின்னக் கருவியின் இளையராஜா இரைச்சலில் மூழ்கிவிடுவார்.

காரில் கேசட் பிளேயர் இருந்தால் கேசட் அடாப்டர் வாங்குங்கள். அதில் நாடா கிடையாது. உள்ளே இருக்கும் சிறு காந்தத் தலை, பிளேயரின் தலைக்கு நேராகப் பாட்டைக் கடத்துகிறது. எந்த அலைவரிசையும் குறுக்கே வராது. சிடி பிளேயர் என்றால், பின்புறம் சிடி சேஞ்சருக்கான இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் அதன் வழியே ஆக்ஸ் வயர் கொடுக்கலாம். தொடுதிரை உள்ள புதியதற்காக நல்ல ஸ்டீரியோவைக் குப்பைக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது. வயர் போதும்.