டவுன்ஹில் சைக்கிள்: 800 மி.மீ. ஹேண்டில்பார் எல்லாருக்கும் சரிப்படுமா?

ஆழியாறு - வால்பாறை சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். கொங்கு மண்டலத்துக்காரர்களுக்கு இறக்கம் புதுசு இல்லை. ஆனால் தார்ச்சாலை வேறு, கல்லும் வேருமான மலைச்சரிவு வேறு. அங்கே முன்சக்கரம் வழுக்கினால் அடி தோளுக்குத்தான்.

அகலம்: டவுன்ஹில் ஹேண்டில்பார்கள் பெரும்பாலும் 780 முதல் 800 மி.மீ. வரை வருகின்றன. அகலம் கூடினால், கல்லில் மோதும் சக்கரம் திரும்பிவிடாமல் பிடிக்க வலு கிடைக்கும். ஆனால் தோள் குறுகலானவர்களுக்கு முழங்கை நீண்டு விறைத்துப்போகும். குலுக்கலை வாங்க மடிப்பே இருக்காது.

உயரம்: 'ரைஸ்' அதிகமானால் செங்குத்து இறக்கத்தில் உடம்பு முன்னால் சரியாது. ரொம்ப அதிகமானால் முன்சக்கரத்தில் எடை குறைந்து, திருப்பத்தில் பிடிப்பு போய்விடும். 20-40 மி.மீ.க்குள் பலருக்கும் சரிப்படும்.

என்ன செய்யலாம்? வாங்கியதுமே வெட்டாதீங்க, வெட்டினதை ஒட்ட முடியாது. முனை திறந்த கிரிப் என்றால், அதையும் பிரேக் லீவரையும் பக்கத்துக்கு 10 மி.மீ. உள்ளே தள்ளி, பழகின பாதையில் நிதானமா ஓட்டிப் பாருங்க. சரிப்பட்டால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வெட்டலாம்.

பந்தய வீரரின் அளவு அவர் தோளுக்கானது. உங்க அளவை உங்க தோள்தான் சொல்லணும்.